24ஆல் வகுத்துப் பார்த்துவிட்டுத் தேடுங்கள்

வியாசர்பாடியிலிருந்து, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ப² − 2க² = 1 என்ற சமன்பாட்டில் ப, க இரண்டும் பகா எண்களாக இருக்க வேண்டும் என்றால் (3, 2) மட்டும்தான் கிடைக்கிறது. வலப்பக்கம் −1 என்று மாற்றினால் (7, 5), (41, 29) இரண்டும் கிடைக்கின்றன. பத்து லட்சம் வரை கணினியில் தேடிவிட்டேன், வேறு எதுவும் வரவில்லை. இதோடு முடிந்ததா சார்? இருபடிச் சமன்பாடுகளுக்குப் பகா எண் தீர்வு காண ஏதாவது பொது வழி இருக்கிறதா?"

தம்பி, நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான்: தேடியும் ஒன்று அகப்படாதபோது, அது இல்லவே இல்லையா, நாம் போதுமான தூரம் போகவில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் இரண்டு சமன்பாடுகளும் இதற்கு நேரெதிர் பதில்களைத் தருகின்றன. முதலாவதில் வேறு தீர்வு கிடையாது, அதை ஐந்து வரியில் நிரூபிக்கலாம். இரண்டாவதில் இருக்கிறது, ஆனால் பத்து லட்சத்தைத் தாண்டி வெகு தூரத்தில். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பள்ளி மாணவர்களுக்கும் ஒலிம்பியாட் எழுதும் பிள்ளைகளுக்கும் பல வருடங்களாக எண் கோட்பாடு சொல்லிக்கொடுக்கிறேன். நிரூபணமானது எது, வெறும் எதிர்பார்ப்பு எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன். இந்தத் துறையில் அந்த இரண்டும் கலந்துபோனால் பிறகு எதையும் நம்ப முடியாது.

கணினியைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. 3ஐ விடப் பெரிய எந்தப் பகா எண்ணையும் எடுங்கள், வர்க்கம் காணுங்கள், 24ஆல் வகுங்கள். மீதி 1 வரும். 25, 49, 121, 169, 289 என்று எதைப் போட்டாலும் அப்படித்தான். காரணம் இது: ப² − 1 என்பது (ப − 1)(ப + 1). ப ஒற்றைப்படை, எனவே இவை அடுத்தடுத்த இரட்டைப்படை எண்கள். அவற்றில் ஒன்று 4ஆலும் வகுபடும், ஆகப் பெருக்கற்பலன் 8ஆல் வகுபடுகிறது. அப்புறம் ப − 1, ப, ப + 1 என்ற மூன்று அடுத்தடுத்த எண்களில் ஒன்று 3ஆல் வகுபட்டாக வேண்டும். அது ப ஆக இருக்க முடியாது. எனவே 8, 3 இரண்டும் ப² − 1க்குள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு இது. ஆனாலும் கடைசி வரைக்கும் நம்மை விடாமல் தொடர்ந்து வரப்போகிறது, பாருங்கள்.

உங்கள் முதல் சமன்பாட்டில் ப, க இரண்டும் 3ஐ விடப் பெரியவை என்று வைத்துக்கொண்டால், இடப்பக்கத்தின் மீதி 1 − 2 = −1, அதாவது 23. வலப்பக்கத்தின் மீதி 1. ஒத்துப்போகவில்லை. ஆகவே இரண்டில் ஒன்று 2ஆகவோ 3ஆகவோ இருந்தே தீர வேண்டும். க = 2 என்றால் ப² = 9, ப = 3. க = 3 என்றால் ப² = 19, நடக்காது. ப = 2 என்றால் 2க² = 3, நடக்காது. ப = 3 என்றால் க = 2, முன்பே வந்த ஜோடி. அவ்வளவுதான். (3, 2) தவிர வேறு தீர்வு இல்லை என்பது இப்போது நிரூபணமான உண்மை. கணினி கோடி கோடியாகத் தேடினாலும் இந்த உறுதியைத் தராது. இதே சோதனை ப² − 3க² = 1 என்பதற்குப் பகா எண் தீர்வே கிடையாது என்று காட்டிவிடும். ப² − 2க² = 7 என்பதற்கு (5, 3) மட்டுமே என்றும் சொல்லிவிடும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

ப² − 2க² = −1 என்ற இரண்டாவதில் இரு பக்கமும் மீதி 23. சமன்பாடு தேறிவிட்டது. தேறியதால் தீர்வு உண்டு என்று ஆகிவிடாது; இந்த வாசலில் தடை இல்லை, உள்ளே போகலாம் என்று மட்டுமே அர்த்தம். மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

உள்ளே போனதும் அடுத்து பார்க்க வேண்டியது காரணிப்படுத்த முடிகிறதா என்று. பகா எண்ணுக்குக் காரணிகள் மிகக் குறைவு, அதுவே நமக்குப் பெரிய பலம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ப² + பக + க² = ம². மூன்றும் பகா எண்கள். இதை (ப + க)² − ம² = பக என்று எழுதினால் (ப + க − ம)(ப + க + ம) = பக. வலப்பக்கத்தில் இருப்பவை இரண்டே பகா எண்கள். ப + க + ம என்பது ப, க இரண்டையும் விடப் பெரியது, எனவே அது முழுப் பெருக்கற்பலனாகிய பக ஆகத்தான் இருக்க முடியும், மற்றது 1. இரண்டையும் கூட்டினால் 2(ப + க) = பக + 1, அதாவது (ப − 2)(க − 2) = 3. ஆகவே 3, 5 என்ற ஜோடி, ம = 7. 9 + 15 + 25 = 49. வேறு எதுவும் இல்லை. முடிவில்லாத தேடல் போலத் தெரிந்தது நான்கு வரியில் அடங்கிவிட்டது.

ப² − 2க² = −1க்கு இந்த வழி உதவாது. √2 விகிதமுறா எண், அதனால் முழு எண்களுக்குள் நின்றுகொண்டு இடப்பக்கத்தை உடைக்க முடியாது. இங்கே வேறொரு பழைய சொத்து கைகொடுக்கிறது. (1, 1) என்று தொடங்குங்கள். ஒரு ஜோடி (ப, க) என்றால் அடுத்த ஜோடி (ப + 2க, ப + க). இப்படிப் போனால் (1, 1), (3, 2), (7, 5), (17, 12), (41, 29), (99, 70), (239, 169) என்று ஒரு சங்கிலி வரும். ஒற்றைப்படை இடங்களில் ப² − 2க² = −1, இரட்டைப்படை இடங்களில் +1. மிகை முழு எண்களில் இந்தச் சங்கிலியை விட்டால் வேறு தீர்வே இல்லை என்பது நிரூபிக்கப்பட்டது. ஐரோப்பியர்கள் இதைப் பெல் சமன்பாடு என்கிறார்கள். ஒரு தீர்விலிருந்து அடுத்ததை உண்டாக்கும் வழியைப் பிரம்மகுப்தர் 628இலேயே எழுதிவிட்டார். பாஸ்கரர் 1150இல் சக்ரவாளம் என்ற சுழல் முறையைக் கொண்டு ப² − 61க² = 1 என்பதற்கு ப = 1766319049, க = 226153980 என்ற மிகச் சிறிய தீர்வையே கண்டு காட்டினார்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்து, 1912இல் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்த ராமானுஜன், 1914 மார்ச்சில் இதே சென்னையிலிருந்து கப்பல் ஏறினார். அந்த வருடக் கடைசியில் கேம்பிரிட்ஜில், பின்னாளில் புள்ளியியலாளராகப் பெயர்பெற்ற மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரை அவருக்குப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் 50க்கும் 500க்கும் இடையில் வீடுகள்; ஒரு வீட்டுக்கு இடப்பக்கமுள்ள கதவு எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம்; அந்த வீட்டின் எண் என்ன? விடை 288 வீடுகளில் 204ஆவது. ராமானுஜன் ஒரே ஒரு விடையோடு நிற்காமல், எல்லா விடைகளையும் தரும் தொடர்பின்னத்தையே (பின்னத்துக்குள் பின்னமாக நீளும் கோவை) சொன்னார். அந்தத் தெருவுக்குப் பின்னால் இருப்பது 577² − 2 × 408² = 1. உங்கள் முதல் சமன்பாடுதான், எட்டாவது கண்ணி. 577 பகா எண், 408 இல்லை. ராயபுரத்தில் பி.கே. சீனிவாசன் முன்னின்று உருவாக்கிய ராமானுஜன் கணித அருங்காட்சியகம் இருக்கிறது. வியாசர்பாடியிலிருந்து தூரமில்லை, ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இப்போது உங்கள் தேடலுக்கு வருவோம். பத்து லட்சம் வரையுள்ள எல்லா ஜோடிகளையும் நீங்கள் சோதித்திருக்கிறீர்கள். அவ்வளவு பெரிய வெளியில் இந்தச் சங்கிலியின் கண்ணிகள் பதினாறுதான், அவற்றிலும் −1 தருபவை எட்டே எட்டு. சங்கிலியைப் பிடித்துக்கொண்டால் அந்த வேலை ஒரு தாளில் முடிந்துவிடும். அதிலும் எல்லா இடமும் தேவையில்லை. மூன்றாம் இடத்தில் இருக்கும் 7, 5 இரண்டும் ஒன்பதாம் இடத்தில் உள்ள 1393, 985 இரண்டையும் மீதியின்றி வகுக்கின்றன. பதினைந்தாம் இடத்திலும் அப்படியே. பொதுவாகச் சொன்னால், ஓர் ஒற்றைப்படை இடத்தின் வரிசை எண் பகு எண்ணாக இருந்தால் அங்கே இருக்கும் ஜோடியும் பகு எண் ஜோடிதான், இது தேற்றம். எனவே பகா எண் இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

பார்ப்போம். 3ஆம் இடம் (7, 5), 5ஆம் இடம் (41, 29), இரண்டும் உங்களுக்குக் கிடைத்தவை. 7ஆம் இடத்தில் 239 பகா எண், ஆனால் 169 என்பது 13². இந்த 169ஐப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர மனம் வரவில்லை. −1 வரும் கண்ணிகளில், இரண்டாவது எண் முழு வர்க்கமாக இருப்பது (1, 1)ஐ விட்டால் இங்கே மட்டும்தான் என்று 1942இல் யுங்கிரன் நிரூபித்தார், மிகவும் கடினமான நிரூபணம் அது. 11ஆம் இடத்தில் 5741 பகா எண், ஆனால் 8119 = 23 × 353. 13ஆம் இடத்தில் 33461 பகா எண், ஆனால் 47321 = 79 × 599. 17இல் இரண்டுமே உடைகின்றன. 19இல் 9369319 பகா எண், துணை எண் 6625109ஐ 37 வகுத்துவிடுகிறது. 23இல் 225058681 = 229 × 982789. ஒன்று நின்றால் மற்றொன்று விழுகிறது. பிறகு 29ஆம் இடத்தில் ப = 63018038201, க = 44560482149, இரண்டுமே பகா எண்கள். ஆறாயிரம் கோடிக்கு மேல் இருக்கும் எண் அது; பத்து லட்சத்தில் நின்ற உங்கள் நிரல் அதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. 59ஆம் இடத்தில் இன்னொரு ஜோடி இருக்கிறது, ஆளுக்கு 23 இலக்கம்.

"முடிந்ததா?" என்ற கேள்விக்கு இதுவரை சொன்னது உறுதியான பகுதி. இப்படிப்பட்ட ஜோடிகள் முடிவில்லாமல் வருமா என்பது யாருக்கும் தெரியாத பகுதி. முடிவில்லாமல் வரும் என்றும் நிரூபணம் இல்லை, ஓரிடத்தில் நின்றுவிடும் என்றும் நிரூபணம் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் சாய்வு என்று மதிப்பிடலாம். ஒரு பெரிய எண் பகா எண்ணாக இருக்கும் வாய்ப்பு, ஏறத்தாழ அதன் இலக்கங்களின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். நூறு இலக்க எண் என்றால் சுமார் 230இல் ஒன்று. நம் சங்கிலியில் இலக்கங்களின் எண்ணிக்கை இட எண்ணுக்கு ஏற்ப ஒரே சீராகக் கூடுகிறது. எனவே 100ஆம் இடத்தில் ஓர் எண்ணுக்கு உள்ள வாய்ப்பு நூறில் ஒன்று என்ற அளவில் இருக்கும், இரண்டும் ஒருசேரப் பகா எண்ணாவதற்குப் பத்தாயிரத்தில் ஒன்று. 1 + 1/4 + 1/9 + 1/16 என்று வர்க்கங்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டே போனால் அது 2ஐக்கூட எட்டாது என்பது நீங்கள் படித்ததுதான். பகா எண் இடங்களுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் கூட்டுத்தொகை குவியத்தான் செய்கிறது. ஆகவே ஜோடிகள் எண்ணிமுடியக்கூடிய அளவில் நின்றுவிடும் என்பதே என் எதிர்பார்ப்பு. ஒரு பக்கத்து எண் மட்டும் பகா எண்ணாக இருந்தால் போதும் என்றால் கூட்டுத்தொகை 1 + 1/2 + 1/3 போல விரிகிறது; அங்கே முடிவில்லாமல் வரும் என்று எதிர்பார்க்கலாம். அதற்கும் நிரூபணம் கிடையாது. இந்தப் பத்தி முழுவதும் ஊகம் என்பதை மறக்காமல் படியுங்கள்.

இரண்டு மாறிகளில் இவ்வளவு திணறுவதற்குக் காரணம், முழு எண் தீர்வுகளே அரிதாக இருப்பது. ஒவ்வொரு கண்ணியும் முந்தையதைப் போல இரண்டரை மடங்கு தாவிவிடுகிறது. அரிதான கூட்டத்தில் பகா எண்களைத் தேட நம்மிடம் கருவி இல்லை. கூட்டம் அடர்த்தியாக இருந்தால் நிலைமை மாறுமா? கொஞ்சம் மாறுகிறது. க = 2ப² − 1 என்று வைத்துப் பாருங்கள். ப = 2, 3, 7, 11, 13க்கு 7, 17, 97, 241, 337 என்று பகா எண்கள் கொட்டுகின்றன. (நடுவில் ப = 5 மட்டும் 49 தந்து விலகுகிறது; அது உங்கள் (7, 5) ஜோடியேதான்.) கையால் தேடினால் நிற்கவே நிற்காது போலத் தோன்றும் இதுகூட நிரூபிக்கப்படவில்லை. ஒரு மாறியில் எழுதிய எந்த இருபடிக் கோவைக்கும் முடிவில்லாத பகா எண் மதிப்புகள் உண்டு என்று இன்றுவரை யாரும் நிரூபித்ததில்லை. ஒரு வர்க்கத்தோடு 1ஐக் கூட்டினால் முடிவில்லாமல் பகா எண்கள் வருமா என்ற கேள்வியை 1912இல் லண்டாவ் அப்போதைக்கு எட்டாதது என்று பட்டியலிட்டார். 1978இல் இவானியெட்ச் அந்த வடிவில் அதிகபட்சம் இரண்டே பகாக் காரணிகள் உள்ள எண்கள் முடிவில்லாமல் உண்டு என்று நிரூபித்தார். இரண்டிலிருந்து ஒன்றுக்கு இன்னும் வர முடியவில்லை.

மாறிகள் கூடும்போதுதான் வெளிச்சம் வருகிறது. 2024இல் பென் கிரீனும் மெஹ்தாப் சானியும் ப² + 4க² என்ற வடிவில், ப, க இரண்டும் பகா எண்களாக இருக்க, முடிவில்லாமல் பகா எண்கள் உண்டு என்று நிரூபித்தார்கள். 25 + 36 = 61, 49 + 100 = 149, இப்படி. 4க்குப் பதில் வேறு எண் போட்டாலும் செல்லுபடியாகும், ஆனால் அந்த எண்ணை 6ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 4 வர வேண்டும். அந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது? கெழு ஒற்றைப்படை என்றால் கூட்டுத்தொகை இரட்டைப்படையாகிவிடும். மீதி 2 என்றால், இரண்டு வர்க்கங்களும் 3ஆல் வகுக்க மீதி 1 தருவதால் 1 + 2 = 3, மொத்தமும் 3ஆல் வகுபட்டுவிடும். நாம் முதலில் செய்த அதே மீதிச் சோதனைதான். நிரூபணத்தின் உள்வேலைகளைப் பிரித்து விளக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் தேற்றத்தின் கூற்றை நீங்கள் இன்றைக்கே முழுதாகப் புரிந்துகொள்ளலாம்.

1938இல் ஹுவா நிரூபித்ததும் அப்படியே: போதுமான அளவு பெரிய எண், 24ஆல் வகுத்தால் மீதி 5 தருமானால், அதை ஐந்து பகா எண்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியும். ஏன் 5? ஒவ்வொரு வர்க்கமும் மீதி 1 தருகிறது, ஐந்து சேர்ந்தால் 5. பெருக்கல் கலந்த பொதுவான இருபடி வடிவங்களுக்கு, உள்ளூர்த் தடைகள் (மீதிச் சோதனையில் வெளிப்படும் தடைகள்) எதுவும் இல்லாதபோது, எட்டுப் பகா எண் மாறிகள் இருந்தால் பெரும்பாலும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று 2021இல் கிரீன் காட்டினார். அதற்குக் கீழே இறங்க இறங்கப் பிடிமானம் குறைகிறது. மூன்று மாறிகளில் ப² + க² = 2ம² என்று பாருங்கள்: (7, 17, 13), (7, 23, 17), (23, 47, 37) என்று அழகாக வருகின்றன. இது நிற்காது என்பதே எதிர்பார்ப்பு, எதிர்பார்ப்பு மட்டுமே.

பொது வழி இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆக இரண்டு பதில். முழு எண் தீர்வு மட்டும் போதும் என்றால், எத்தனை மாறிகள் இருந்தாலும், ஓர் இருபடிச் சமன்பாட்டுக்குத் தீர்வு உண்டா இல்லையா என்று முடிவுசெய்ய வழிமுறை உண்டு என்று 1972இல் சீகல் நிரூபித்தார். (படி எவ்வளவாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால் அப்படி ஒரு வழிமுறையே சாத்தியமில்லை என்பது 1970இல் மத்தியசேவிச் முடித்துவைத்தது.) தீர்வுகள் பகா எண்களாகவும் இருக்க வேண்டும் என்று நீங்கள் சேர்த்த அந்த ஒரு நிபந்தனைக்குப் பொது வழிமுறை எதுவும் கையில் இல்லை.

நிரலை எப்படி மாற்றலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். இரட்டைச் சுழற்சியை நீக்கிவிட்டுச் சங்கிலி விதியை எழுதுங்கள். பகா எண் இடங்களில் மட்டும் நில்லுங்கள். முதலில் ஆயிரத்துக்குட்பட்ட பகா எண்களால் வகுத்துப் பாருங்கள், பெரும்பாலான ஜோடிகள் அங்கேயே விழுந்துவிடும். மிஞ்சியவற்றுக்கு மட்டும், பெரிய எண் பகா எண்ணா என்று வேகமாகப் பார்க்கும் மில்லர்–ராபின் சோதனை. 59ஆம் இடத்தைச் சாதாரணக் கணினியே கண் இமைக்கும் நேரத்தில் தொட்டுவிடும். அது சரியாக வந்துவிட்டால் ப² − 3க² = −2ஐ எடுங்கள். இரு பக்கமும் மீதி 22, தேறுகிறது. (1, 1)இல் தொடங்கி, (ப, க)க்கு அடுத்தது (2ப + 3க, ப + 2க). (5, 3), (19, 11), (71, 41) மூன்றும் வரிசையாகப் பகா எண் ஜோடிகள், பிறகு (265, 153), (989, 571) இரண்டும் விழுகின்றன, அடுத்து (3691, 2131) மறுபடி நிற்கிறது. இந்தச் சங்கிலியில் 5உம் 3உம் மூன்று கண்ணிக்கு ஒருமுறை திரும்பி வந்து இரண்டு எண்களையும் வகுக்கும். ஏன் என்று கண்டுபிடித்தால் மேலே நிரூபணமில்லாமல் சொன்ன அந்த இடத் தேற்றத்துக்கும் உங்களுக்கே நிரூபணம் கிடைத்துவிடும். 3691க்கு அடுத்த இரண்டு ஜோடிகளைக் கையாலேயே காரணிப்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.